என் கை படுவது அவளுக்குத் தெரிகிறதா, டாக்டர்?

மூன்றரை வயதுப் பெண் குழந்தையின் தாய் ஒருவர் எழுதிய நீண்ட கடிதம் இது. அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை நீக்கிச் சுருக்கித் தருகிறேன்.

"எங்களுக்கு ஒரே மகள். பிறந்ததிலிருந்தே துவண்டாற்போல் இருந்தாள். ஒரு வயது தாண்டித்தான் உட்கார்ந்தாள். இப்போது கையைப் பிடித்துக்கொண்டால் பத்து அடி வைப்பாள், அதற்குள் களைத்துவிடுவாள். ஆனால் வாய் ஓயாது, கேள்வி மேல் கேள்வி கேட்பாள். முதலில் ரத்தத்தில் கல்லீரல் என்சைம்கள் கூடியிருப்பதாகச் சொல்லி, நான்கு மாதம் கல்லீரலுக்கு மருந்து கொடுத்தார்கள். பிறகு இன்னொரு மருத்துவர் சிகே என்ற பரிசோதனையை எடுக்கச் சொன்னார். 2,800 வந்தது. எம்ஆர்ஐ ஸ்கேனில் மூளையின் வெண்பகுதியில் மாற்றம் இருக்கிறது என்றும், நரம்புப் பரிசோதனையில் வேகம் குறைவு என்றும் எழுதியிருக்கிறார்கள். தசையில் துணுக்கு எடுத்துப் பார்த்ததில் மெரோசின் என்ற புரதம் ஓரளவுக்கே இருக்கிறதாம். மரபணுப் பரிசோதனையில் லாமா2 என்ற மரபணுவில் இரண்டு மாற்றங்கள். ஒன்று 'நோய் தரும்' வகை, மற்றது 'பொருள் உறுதியாகவில்லை' என்கிறார்கள்.

புரதம் குறைவு என்று தெரிந்த நாளிலிருந்து புரதப் பொடி கொடுக்கிறேன், மூன்று வேளையும். கர்ப்பமாக இருந்தபோது ஐந்தாம் மாதக் காய்ச்சலுக்கு மாத்திரை போட்டேன். அதனால் வந்ததோ என்று தூக்கமில்லை. எங்கள் இரண்டு குடும்பத்திலும் யாருக்கும் இப்படி இல்லை. நாலில் ஒன்று என்றார்கள், ஒன்று வந்துவிட்டது, இனி மூன்று நன்றாகவே பிறக்கும் என்கிறார் கணவர். யாரிடமும் சொல்லாதே என்கிறார் நாத்தனார். வெளிநாட்டில் ஸ்டெம் செல் சிகிச்சை தருகிறோம் என்று ஓர் இடத்திலிருந்து அழைக்கிறார்கள், வீட்டை விற்றாவது போகலாமா என்று யோசிக்கிறோம்.

இன்னொன்றும் படித்தேன். தசையைப் பிடித்துவைக்கும் புரதம்தான் நரம்புக்குத் தொடு உணர்வையும் தருகிறதாம். அவள் தூங்கும்போது உள்ளங்காலை வருடிப் பார்த்தேன். காலை இழுத்துக்கொள்ளவே இல்லை. என் கை படுவது அவளுக்குத் தெரிகிறதா, டாக்டர்?"

அன்புள்ள சகோதரிக்கு,

கடைசி வரியில் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அதைக் கேட்கத்தான் மற்ற எல்லாவற்றையும் எழுதினீர்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

தெரியும். நீங்கள் எழுதியிருக்கும் எதுவும் அவளுக்குத் தொடு உணர்வு இல்லை என்று காட்டவில்லை. மெரோசின் குறைவால் வரும் இந்தப் பிறவித் தசைச் சிதைவு நோயுள்ள குழந்தைகளில் பெரும்பாலானவர்களுக்குத் தொடு உணர்வு நன்றாகவே இருக்கிறது. உள்ளங்காலை வருடினால் காலை இழுத்துக்கொள்ள இரண்டு வேலைகள் நடக்க வேண்டும். தொடுதல் உள்ளே போய்ச் சேர வேண்டும், அதற்குப் பதிலாகத் தசை சுருங்கிக் காலைத் தூக்க வேண்டும். உங்கள் மகளுக்கு இரண்டாவது வேலைதான் கஷ்டம். ஆழ்ந்து தூங்கும்போது திடமான குழந்தைகள்கூடப் பல நேரம் அசைவதில்லை. முழங்காலில் சுத்தியலால் தட்டினால் கால் உதறவில்லை என்று மருத்துவர் எழுதியிருந்தால், அதையும் உணர்வு இல்லை என்று படிக்காதீர்கள்.

வீட்டிலேயே ஒன்று செய்து பாருங்கள். அவள் விழித்து, உற்சாகமாக இருக்கும் நேரம் பார்த்து விளையாட்டாக ஆரம்பியுங்கள். கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லி, ஒரு துளி பஞ்சால் புறங்கை, கன்னம், முழங்கால், பாதம் என்று மாற்றி மாற்றி லேசாகத் தொடுங்கள். எங்கே பட்டது என்று அவள் வாயால் சொல்லட்டும். நடுவில் ஒருமுறை தொடாமலேயே 'இப்போ எங்கே?' என்று கேளுங்கள். அப்புறம் அவள் கட்டைவிரலைப் பக்கவாட்டில் பிடித்து மேலேயோ கீழேயோ நகர்த்தி, எந்தப் பக்கம் போகிறது என்று கேளுங்கள். இந்த வயதில் பாதியில் அலுத்துவிடும், பரவாயில்லை. நாங்கள் மருத்துவமனையில் செய்வதும் கிட்டத்தட்ட இதேதான். அவள் காலைப் பார்க்காமல் முகத்தைப் பார்த்துக்கொண்டே செய்யுங்கள். பதில் முகத்தில் வந்துவிடும்.

நீங்கள் படித்தது எங்கிருந்து வந்திருக்கும் என்று ஊகிக்க முடிகிறது. ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள, கண்ணாடிபோல் ஊடுருவித் தெரிகிற ஒரு புழு இருக்கிறது. சீனோராப்டைடிஸ் எலெகன்ஸ் என்று பெயர். அதன் உடம்பில் 302 நரம்புச் செல்கள், அவற்றில் மெல்லிய தொடுதலை உணர்பவை வெறும் ஆறு. 1981ஆம் ஆண்டு வாக்கில் மார்ட்டின் சால்ஃபியும் ஜான் சல்ஸ்டனும், ஒரு குச்சி நுனியில் புருவ முடியை ஒட்டி, அந்த முடியால் புழுக்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார்கள். தொட்டால் விலகாத புழுக்களைத் தனியே எடுத்து, எந்த மரபணு பழுதாகியிருக்கிறது என்று தேடினார்கள். சில மரபணுக்கள் தொடுதலில் திறக்கும் வாயில்களைச் செய்பவை. வேறு சில, அந்த நரம்பைச் சுற்றியுள்ள திசுவோடு ஒட்டிவைக்கும் புரதங்களைச் செய்பவை. நரம்பு ஒட்டியிருந்தால்தானே தோலில் விழும் அழுத்தம் அதற்குப் போய்ச் சேரும்? லேமினின் என்ற புரதக் குடும்பமும் அங்கே இருப்பதைப் பின்னாளில் கண்டார்கள். உங்கள் மகளிடம் குறைந்திருக்கும் மெரோசின் அதே லேமினின் குடும்பத்தைச் சேர்ந்தது. அதனால் நீங்கள் படித்ததில் பிழை இல்லை. புழுவிலிருந்து மகளுக்குத் தாவிய இடத்தில்தான் பிசகு.

மனிதர்களிடம் லேமினின்கள் ஒன்றிரண்டு அல்ல, பதினைந்துக்கும் மேல் வகைகள் உண்டு. தோலில் இருப்பவை பெரும்பாலும் வேறு வகைகள். மெல்லிய தொடுதலுக்கு நம் நரம்புகளில் திறக்கும் முக்கியமான வாயில் பியெசோ2 என்ற தனிப் புரதம். 2010இல் ஆர்டெம் படபூட்டியானின் ஆய்வகம் கண்டுபிடித்தது, 2021இல் அவர் நோபல் பரிசைப் பகிர்ந்துகொள்ளக் காரணமாக இருந்த வேலைகளில் ஒன்று. அந்த வாயில் பிறவியிலேயே பழுதான சிலர் இருக்கிறார்கள். கண்ணை மூடினால் தங்கள் கை எங்கே இருக்கிறது என்றே அவர்களுக்குத் தெரியாது. அது வேறு மரபணு, வேறு நோய். உங்கள் மகளுக்கு அது இல்லை.

மெரோசின் என்ன வேலை செய்கிறது

ஒவ்வொரு தசை நாரையும் வெளியே மெல்லிய சவ்வு ஒன்று உறைபோலச் சுற்றியிருக்கும். மெரோசின், அதாவது லேமினின்-211, அந்தச் சவ்வில் இருக்கிறது. சிலுவை வடிவம். அதன் நீண்ட காலின் நுனி, தசைச் செல்லின் மேற்பரப்பில் உள்ள டிஸ்ட்ரோகிளைகேன், இன்டெக்ரின் என்ற இரண்டு கொக்கிகளைப் பிடித்துக்கொள்கிறது. டிஸ்ட்ரோகிளைகேனின் உள்பக்கம் டிஸ்ட்ரோஃபின் என்ற கயிறு, அதற்கும் உள்ளே தசையின் சட்டகம். மெரோசின் தரையில் முளை, அந்தக் கொக்கிகள் நடுவில் வளையம், டிஸ்ட்ரோஃபின் உள்ளே கயிறு என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கயிறு இல்லாவிட்டால் வருவது டூஷேன் என்ற தசைநோய். உங்கள் மகளிடம் கயிறும் இருக்கிறது, வளையமும் இருக்கிறது. முளைதான் போதாது.

தசை சுருங்கும் ஒவ்வொரு தடவையும் இந்த முளைகள் இழுவையைத் தாங்க வேண்டும். போதாதபோது நார்கள் கொஞ்சம் கொஞ்சமாகச் சேதமாகி மடிகின்றன, அந்த இடத்தில் நார்த்திசு வளர்ந்து இறுகுகிறது. சேதமான செல்லிலிருந்து கசிந்து ரத்தத்துக்கு வருவதுதான் சிகே. கல்லீரல் என்சைம்கள் என்று சொன்னார்களே, அவை தசையிலும் இருப்பவை. அவை மட்டும் கூடி, தசையிலிருந்து வராத ஜிஜிடி என்ற கல்லீரல் என்சைம் சாதாரணமாக இருந்தால், சிகே பார்க்க வேண்டும் என்று தோன்றியிருக்க வேண்டும். நான்கு மாதம் வீணானதில் உங்களுக்குக் கோபம் இருப்பது நியாயம்தான். அதனால் நோய் முற்றிவிடவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன், அந்தப் பயத்தைச் சுமக்க வேண்டாம்.

நரம்பு வேகம் குறைந்ததற்கும் காரணம் இதே புரதம். நரம்பு நார்களுக்கு, செய்தி வேகமாகப் போக உதவும் மயலின் உறையைச் சுற்றிவிடுபவை ஷ்வான் செல்கள். நார்களைத் தனித்தனியாகப் பிரித்துச் சுற்ற அவற்றுக்கும் காலூன்ற இடம் வேண்டும். அந்த இடத்தைத் தருவது லேமினின்-211. 1955இல் ஓர் அமெரிக்க ஆய்வகத்தில், பின்னங்கால்களை இழுத்துக்கொண்டு நகரும் எலிகளை முதன்முதலாக விவரித்தார்கள். தசைநோய் என்றுதான் எழுதினார்கள். முதுகுத் தண்டிலிருந்து கிளம்பும் நரம்பு வேர்களில் பல நார்கள் உறையே இல்லாமல் கிடப்பது எழுபதுகளில்தான் தெரியவந்தது. அந்த எலிகளிடம் குறைந்திருந்ததும் இந்தப் புரதமே என்று தெரிய மேலும் இருபது ஆண்டுகள் ஆயின. குழந்தைகளிடம் இந்த நரம்புப் பாதிப்பு பெரும்பாலும் அசைவு நரம்புகளில், லேசாகத்தான் இருக்கும்.

மூளை ஸ்கேனைப் பார்த்து நடுங்கிப்போயிருப்பீர்கள். வெண்பகுதி மாற்றம் இந்த நோயில் எதிர்பார்க்கக்கூடியதே, நோயை அடையாளம் காணவே அது எங்களுக்கு உதவுகிறது. மூளை வருடா வருடம் அழிகிறது என்ற பொருள் அதற்கு இல்லை. பெரும்பாலான குழந்தைகளின் அறிவுத்திறன் இயல்பாகவே இருக்கிறது. கேள்வி மேல் கேள்வி கேட்கிறாள் என்று எழுதினீர்களே, எனக்கு அந்த வரி ஸ்கேன் அறிக்கையைவிடப் பெரிய தகவல். ஒன்றை மட்டும் கவனியுங்கள். சிலருக்கு வலிப்பு வரலாம், சில சமயம் பல ஆண்டுகள் கழித்தும். வெறித்துப் பார்த்தபடி சில விநாடி உறைந்துபோவது, திடீரென்று பதில் சொல்லாமல் இருப்பது போன்றவை தெரிந்தால் கைபேசியில் படம்பிடித்து மருத்துவரிடம் காட்டுங்கள்.

புரதப் பொடியை நிறுத்திவிடலாமா?

நிறுத்திவிடலாம். 'புரதக் குறைபாடு' என்ற சொல் பெற்றோரை எவ்வளவு ஏமாற்றுகிறது என்று நான் அடிக்கடி பார்க்கிறேன். எந்தப் புரதம் சாப்பிட்டாலும் குடலில் அமினோ அமிலங்களாக உடைந்த பிறகே உடம்புக்குள் போகிறது. மெரோசினின் முக்கியச் சங்கிலியில் 3,000க்கும் மேற்பட்ட அமினோ அமிலங்கள் வரிசையாகக் கோக்கப்பட்டிருக்கின்றன. கோக்கும் வரிசையைச் சொல்வது லாமா2 மரபணு. உங்கள் மகளுக்கு மணிகளுக்குப் பஞ்சமில்லை, வரிசை எழுதிய தாளில்தான் பிழை. கொலாஜன் பொடி என்று யாராவது சொன்னாலும் இதே பதில்தான். மூன்று வேளைப் பொடி வயிற்றை நிரப்பி, அவள் சாப்பிட வேண்டிய சாப்பாட்டைக் குறைத்துவிடும்.

ஆனால் சாப்பாட்டை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. மென்று மென்று களைத்துப்போய் போதிய அளவு சாப்பிடாமல் எடை நின்றுபோவது இந்தக் குழந்தைகளிடம் சகஜம். ஒரு வேளை சாப்பிட அரை மணிக்கு மேல் ஆகிறதா, தண்ணீர் குடிக்கும்போது புரையேறுகிறதா, ஆறு மாதமாக எடை ஏறவில்லையா என்று பாருங்கள். இருந்தால் விழுங்கும் திறனைச் சோதிக்கச் சொல்லுங்கள். அளவுக்கு மீறிய எடையும் பலவீனமான கால்களுக்குப் பாரம். எலும்புக்காக வைட்டமின் டி அளவையும் பார்த்துவிடுங்கள்.

மருந்தில்லை என்றால் செய்வதற்கு ஒன்றுமில்லையா?

நிறைய இருக்கிறது. என் ஆசையெல்லாம், நீங்கள் பொடிக்கும் பயணத்துக்கும் செலவழிக்க நினைக்கும் பணத்தையும் சக்தியையும் இங்கே திருப்ப வேண்டும் என்பதுதான்.

முதலில் மூச்சு. மூச்சு இழுக்கும் தசைகளும் தசைகள்தானே. அவை களைப்பது பகலில் தெரியாது, இரவில்தான் ஆரம்பிக்கும். தூக்கத்தில் புரண்டுகொண்டே இருப்பது, அடிக்கடி எழுவது, வியர்ப்பது, காலையில் தலைவலி என்பது, எழுந்ததுமே சோர்ந்திருப்பது, சளி பிடித்தால் வாரக்கணக்கில் நெஞ்சிலேயே தங்குவது — இவை எல்லாம் அடையாளங்கள். இவை ஒன்றும் இல்லாவிட்டாலும் தூக்க ஆய்வு ஒன்றைச் செய்யச் சொல்லிக் கேளுங்கள், ஆக்சிஜனோடு கரியமில வாயுவின் அளவையும் இரவு முழுக்கப் பார்க்கும் வகையில். ஐந்தாறு வயதில் குழாயில் ஊதச் சொல்லி நுரையீரல் கொள்ளளவை அளக்க முடியும். உட்கார்ந்தும் படுத்தும், இரண்டு நிலையிலும் அளக்க வேண்டும். தேவைப்பட்டால் இரவில் முகமூடி வழியாக மூச்சுக்குத் துணைபோகும் கருவி இருக்கிறது. அதை ஒரு தோல்வியாக நினைக்காதீர்கள். அதைப் போட்டுத் தூங்கிய குழந்தைகள் மறுநாள் காலையிலேயே தெளிவாக எழுவதை நான் பார்த்திருக்கிறேன்.

ஓர் எச்சரிக்கை. நெஞ்சுச் சளியோடு அவசரப் பிரிவுக்குப் போகும்போது, ஆக்சிஜன் மட்டும் வைத்துவிட்டுக் காத்திருந்தால், ஆக்சிஜன் எண் நன்றாகத் தெரியும், உள்ளே கரியமில வாயு ஏறிக்கொண்டிருக்கும். 'தசைநோய் இருக்கிறது, கரியமில வாயுவையும் பாருங்கள்' என்று நீங்களே சொல்ல வேண்டியிருக்கும். அதேபோல் எந்த அறுவைச் சிகிச்சைக்கு முன்னும் மயக்க மருந்து நிபுணரிடம் நோயின் பெயரைச் சொல்லுங்கள். சக்சினைல்கோலின் என்ற மருந்து தசைச் சிதைவு நோயுள்ள குழந்தைகளுக்கு ஆகாது. ரத்தத்தில் பொட்டாசியம் திடீரென ஏறி இதயம் நின்றுபோகும் ஆபத்து உண்டு. இந்த இரண்டையும் ஓர் அட்டையில் எழுதி, குழந்தையின் பையிலேயே வைத்துவிடுங்கள்.

அடுத்தது மூட்டும் முதுகும். கணுக்கால், முழங்கால், இடுப்பு, முழங்கை மூட்டுகள் இறுகிக்கொண்டே வரும். இறுகிய பிறகு நீட்டுவதைவிட இறுகாமல் பார்ப்பது எவ்வளவோ எளிது. பிசியோதெரபிஸ்ட்டிடம் கற்றுக்கொண்டு தினமும் வீட்டில் நீங்களே செய்யுங்கள். மெதுவாக நீட்டி, இறுக்கம் தட்டும் இடத்தில் நிறுத்திப் பிடித்து, மெதுவாக விட வேண்டும். முறுக்கி இழுத்துச் சரிசெய்கிறேன் என்று யார் வந்தாலும் விடாதீர்கள். மெலிந்த எலும்பு, முறிந்துவிடும். இரவில் பாதத்துக்கு ஸ்பிளிண்ட், பகலில் சிறிது நேரம் நிற்கவைக்கும் சட்டம் இரண்டும் உதவும். உட்காரும்போது முதுகு ஒரு பக்கம் சாய்கிறதா என்று ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். இதயத்துக்கும் அவ்வப்போது ஈசிஜி, எக்கோ.

கஷ்டப்படுத்தி நடக்கவைத்தால் தசை வலுவாகும் என்ற எண்ணம் வேண்டாம். முளை போதாத இடத்தில் அதிகமாக இழுத்தால் சேதம்தான் கூடும். படுக்கவே வைப்பதும் தப்பு. அவள் போதும் என்று சொல்வதற்குச் சற்று முன்பே நிறுத்துங்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் விளையாடவிடுவது எனக்குப் பிடித்த வழி, தண்ணீர் பாதி எடையைத் தாங்கிக்கொள்ளும்.

நடப்பாளா என்று நீங்கள் கேட்கவில்லை, கேட்கப் பயந்திருப்பீர்கள். மெரோசின் அறவே இல்லாத குழந்தைகள் பெரும்பாலும் தனியாக நடப்பதில்லை. ஓரளவு இருப்பவர்களில் பலர், தாமதமாகவேனும் நடக்கிறார்கள். அவர்களிலும் சிலருக்கு வளர வளர நடை குறையலாம். அறிக்கையை மட்டும் வைத்து நான் உறுதி தந்தால் அது பொய். மூன்றரை வயதில் கைபிடித்துப் பத்து அடி வைக்கிறாள் என்பது நல்ல பக்கம் சேரும் சேதி. நடந்தாலும் சரி, நடக்காவிட்டாலும் சரி, சக்கர நாற்காலியை அவள் பெரியவளாகும் வரை தள்ளிப்போட வேண்டாம். தூரத்துக்கு நாற்காலி, வீட்டுக்குள் கால் என்று வைத்துக்கொள்ளும் குழந்தைகள் களைப்பில்லாமல் மற்ற குழந்தைகளோடு சேர்ந்து விளையாட முடிகிறது.

உங்கள் மாத்திரையும் கணவரின் கணக்கும்

ஐந்தாம் மாதத்தில் போட்ட காய்ச்சல் மாத்திரைக்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. கரு உருவான நொடியிலேயே அந்த இரண்டு மாற்றங்களும் அவளிடம் வந்து சேர்ந்துவிட்டன. பெரும்பாலும் ஒன்று உங்களிடமிருந்து, ஒன்று உங்கள் கணவரிடமிருந்து வந்திருக்கும். ஒரு பிரதி பழுதாக, மறு பிரதி நன்றாக இருப்பவர்கள் ஆரோக்கியமாகவே இருப்பார்கள். அதனால்தான் தலைமுறை தலைமுறையாக யாருக்கும் தெரியவில்லை. இப்படி மறைந்து கிடக்கும் மாற்றங்கள் சில எல்லா மனிதரிடமும் உண்டு, இதை எழுதும் என்னிடமும். எந்தப் பக்கத்துக் குறை என்று குடும்பத்தில் பேச்சு எழுந்தால், இரண்டு பக்கமும் சேராமல் இந்த நோய் வராது என்பதைக் கணவரே சொல்லட்டும்.

கணவரிடம் பக்குவமாகச் சொல்ல வேண்டியது வேறொன்றும் இருக்கிறது. நாலில் ஒன்று என்பது வரிசை எண் அல்ல. ஒவ்வொரு கர்ப்பத்திலும் புதிதாகச் சீட்டுக் குலுக்குவதுபோல. அடுத்த குழந்தைக்கும் 25 சதவீத வாய்ப்பு, அதற்கடுத்ததற்கும் அதேதான். 75 சதவீதம் நோய் இருக்காது என்பதும் ஒவ்வொரு தடவையும் உண்மை.

இங்கே ஒரு முக்கியமான முடிச்சு இருக்கிறது. இரண்டாவது மாற்றம் 'பொருள் உறுதியாகவில்லை' என்று அறிக்கை சொல்கிறது. அந்த நிலையிலேயே கருத்தரித்துவிட்டு, கருவில் பரிசோதனை செய்துகொள்ளலாம் என்று இருந்தால், வரும் பதிலை என்னவென்று படிப்பது? ஆகவே கருத்தரிக்கும் முன்பே நீங்கள் இருவரும் ரத்தம் கொடுத்து, எந்த மாற்றம் யாரிடம் இருக்கிறது என்று பார்த்துவிடுங்கள். இரண்டும் ஒருவரிடமிருந்தே வந்திருந்தால் கதையே மாறும், மறைந்திருக்கும் வேறொரு மாற்றத்தைத் தேட வேண்டியிருக்கும். ஆளுக்கொன்றாக இருந்தால், தசைத் துணுக்கில் மெரோசின் குறைவாக இருந்ததையும், மூளை ஸ்கேனையும் சேர்த்துவைத்து, அந்த இரண்டாவது மாற்றத்தை மறுபடி வகைப்படுத்தச் சொல்லிக் கேட்கலாம். பல சமயம் 'நோய் தரக்கூடியது' என்று அது மாறிவிடும். பரிசோதனைக் கூடம் தானாக முன்வந்து செய்வது அபூர்வம், மருத்துவர் வழியாகக் கேட்க வேண்டும்.

அது தெளிவான பிறகு உங்கள் முன் வழிகள் பல. இயல்பாகக் கருத்தரித்து, 11 முதல் 14 வாரத்துக்குள் நஞ்சுக்கொடித் திசுவிலோ, 15 வாரத்துக்குப் பிறகு பனிக்குட நீரிலோ பார்க்கலாம். இரண்டிலும் கருக்கலையும் ஆபத்து சிறிதளவு உண்டு. முடிவு சாதகமாக இல்லாவிட்டால் அடுத்து என்ன செய்வது என்பதை, ஊசி போடும் முன்பே நீங்கள் இருவரும் பேசியிருக்க வேண்டும். அதற்கான சட்டம் நாட்டுக்கு நாடு வேறு. சோதனைக்குழாய் முறையில் கரு உருவாக்கிச் சோதித்து வைப்பது இரண்டாவது வழி. மனதுக்கு அது சிலருக்கு எளிது, உடம்புக்கும் செலவுக்கும் கடினம், ஒரே முயற்சியில் கைகூடும் என்ற நிச்சயமும் இல்லை. எந்தப் பரிசோதனையும் இல்லாமல் ஏற்பது, தத்தெடுப்பது, ஒரு குழந்தையே போதும் என்று இருப்பது, எல்லாமே மரியாதைக்குரிய முடிவுகள். எது சரி என்று நான் சொல்ல மாட்டேன். யாரும் உங்களை ஒரு பக்கம் தள்ள விடாதீர்கள் என்று மட்டும் சொல்வேன்.

நாத்தனார் சொல்வதில் அக்கறை இருக்கலாம். மகளின் மரபணு அறிக்கை உங்களுடையது, யாரிடமும் காட்டும் கட்டாயம் இல்லை. ஆனாலும் அவருக்கே ஒரு விஷயம் தெரிய வேண்டும். உங்கள் கணவரிடம் இந்த மாற்றம் இருந்தால், உடன்பிறந்தவரான அவரிடமும் இருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. சொன்னால் அவரும் யோசித்து முடிவெடுக்க முடியும். பள்ளியில் சேர்க்கும்போது ஆசிரியரிடம் சொல்வதை மட்டும் தவறவிடாதீர்கள். சொல்லாவிட்டால் அவளைச் சோம்பேறி என்று நினைத்துவிடுவார்கள்.

வீட்டை விற்க வேண்டாம்

இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இந்த நோய்க்கு ஸ்டெம் செல் செலுத்திப் பலன் கிடைத்ததாக நிரூபணம் இல்லை. டூஷேன் நோய்க்குத் தரும் ஸ்டீராய்டு மாத்திரையும் இதில் பலன் தருவதாக நிலைநாட்டப்படவில்லை, யாராவது எழுதிக்கொடுத்தால் ஏன் என்று கேளுங்கள்.

ஆராய்ச்சி நின்றுவிடவில்லை. மரபணுவை உடம்புக்குள் சுமந்துபோகும் வைரஸ் வண்டியில் ஏறத்தாழ 4,700 எழுத்துகள்தான் ஏறும். லாமா2வின் செய்தியோ 9,000 எழுத்துகளைத் தாண்டும். அதனால் சுற்றுவழிகளைத் தேடுகிறார்கள். போதாத முளைக்கு மாற்றாக, சவ்வையும் கொக்கியையும் இணைக்கும் சிறிய புரதங்களை வடிவமைத்து எலிகளில் பார்த்திருக்கிறார்கள். கருவில் இருக்கும்போது வேலைசெய்து பிறகு தசையில் அடங்கிவிடும் லாமா1 என்ற உறவுக்கார மரபணுவை மறுபடி எழுப்பி, எலிகளின் நடையைத் தேற்றியதாக 2019இல் வெளிவந்த ஆய்வு ஒன்று எனக்கே மிகுந்த நம்பிக்கை தந்தது. எலியிலிருந்து குழந்தைக்கு வர வருடங்கள் ஆகும். வரும் நாளில் அவள் நுரையீரலும் மூட்டுகளும் நல்ல நிலையில் இருக்க வேண்டும், தூக்க ஆய்வையும் ஸ்பிளிண்ட்டையும் நான் இவ்வளவு வற்புறுத்துவது அதற்காகவும்தான்.

உங்களை அழைப்பவர்களிடம் மூன்று கேள்வி கேளுங்கள். இந்தச் சிகிச்சை எந்தப் பொதுப் பதிவேட்டில், எந்த எண்ணில் பதிவாகியிருக்கிறது? எந்த நெறிமுறைக் குழு அனுமதித்தது? லாமா2 நோயுள்ள எத்தனை குழந்தைகளுக்குக் கொடுத்து, முடிவை எங்கே வெளியிட்டீர்கள்? முறையான சோதனைச் சிகிச்சைக்குக் குடும்பத்திடம் லட்சக்கணக்கில் கட்டணம் வாங்க மாட்டார்கள். அதற்குப் பதில், பிறவித் தசைநோய்களுக்கான சர்வதேச நோயாளர் பதிவேட்டில் அவள் விவரங்களைச் சேர்க்கும்படி மருத்துவரிடம் கேளுங்கள். உண்மையான சோதனை தொடங்கும்போது அந்தப் பட்டியலிலிருந்துதான் குழந்தைகளைத் தேடுவார்கள்.

நான் அவளைப் பரிசோதித்துப் பார்க்கவில்லை, அதனால் இதில் எதையும் உங்கள் மருத்துவரைக் கேட்காமல் மாற்ற வேண்டாம். அடுத்த முறை போகும்போது தசைத் துணுக்கு அறிக்கை, மரபணு அறிக்கையின் முழுப் பிரதி, ஸ்கேன் மூன்றையும் ஒரே கோப்பில் கொண்டுபோங்கள். உங்கள் இருவரின் மரபணுப் பரிசோதனை, தூக்க ஆய்வு, பிசியோதெரபி இந்த மூன்றுக்கும் அன்றே சீட்டு எழுதி வாங்குங்கள். பஞ்சு விளையாட்டில் அவள் என்ன சொன்னாள் என்பதையும் ஒரு தாளில் குறித்துக்கொண்டு போங்கள், மருத்துவருக்குப் பயன்படும்.

அன்புடன்,
குழந்தைகள் நரம்பியல் மருத்துவர்